டெக்கில் வந்த இங்கிலீஷ் பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு விழுந்த அடி இன்னும் வலிக்கிறது. யாரும் கை நீட்டவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வாங்கினேன்.

பக்கத்து வீட்டு ஜமால் பாய், சவூதியிலிருந்து தம்பி கொண்டுவந்த வீடியோ டெக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் டி.வி. இல்லை, எங்கள் வீட்டில் டெக் இல்லை. பெரம்பலூரில் இப்போது பல சிநேகிதங்கள் இப்படித்தான் உண்டாகின்றன!

"படம் கெடையாது சார். தம்பி பதிவு பண்ணிட்டு வந்த கேசட்டு. பூரா இங்கிலீஷ் பாட்டு. டெக்கு ஓடுதான்னு பாத்துட்டு எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

இங்கிலீஷ் பாட்டு பற்றி என் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். தகர டப்பாவைத் தெருவில் உருட்டுகிற சத்தம் என்று இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் எழுதியவன். சரி, பத்து நிமிஷம்தானே?

திரையில் ஒரே புகை. அதற்குள்ளிருந்து பளபளச் சட்டையில் நாலு பேர் வந்து குதித்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு, பதிமூன்று வருஷத்துக்கு முந்தைய பாட்டுகளாம். அடுத்து, பியானோ முன்னால் ஒரு பெண். அவள் வாயைத் திறப்பதற்குள் சமையற்கட்டிலிருந்து பாட்டின் முதல் வரி வருகிறது!

என் மனைவி வசந்தா. கையில் உப்புமாக் கரண்டி. கண் டி.வி.யில். ஒரு வார்த்தை பிசகாமல் முழுப் பாட்டையும் பாடி முடித்தாள்.

"மாஷா அல்லாஹ்! எங்க கத்துக்கிட்டீங்கம்மா?" என்றார் பாய்.

"திருச்சி ஹாஸ்டல்லதான், பாய். மெஸ் ரேடியோவுல வரும். நோட்டுல எழுதி வச்சுப் பாடுவேன். இந்தப் பாட்டுக்காரி மொகத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இவள் முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். கோபமாக வேறு கேட்டேன், வெட்கமில்லாமல்.

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "நான் இந்த வூட்டுக்கு வந்த ஒம்பதாம் நாளுங்க. ரேடியோவுல இதே பாட்டு. கூடவே பாடிட்டிருந்தேன். ஆபீஸ்லேருந்து வந்தீங்க. செருப்பக்கூட கழட்டல. நேரா போயி ரேடியோவ அணைச்சிட்டு, 'மனுஷன் இருக்கற வூடா இது'ன்னீங்க. அந்தத் தகர டப்பா கட்டுரையக்கூட நாந்தானே நல்ல கையெழுத்துல திருப்பி எழுதி தபால்ல போட்டேன்?"

எனக்கு ஞாபகமில்லை. சத்தியமாக இல்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ரேடியோக் குமிழில் ஒரே ஒரு திருகு... ஒருத்தியின் குரல் பதினோரு வருஷம் அடங்கிப்போயிருக்கிறது. செய்தவனுக்கு அது ஒரு சம்பவமாகக்கூட மனதில் இல்லையே! இப்படி இன்னும் எத்தனை?

பாய் சங்கடப்பட்டு, டெக்கின் வயரைப் பிடுங்கப் போனார்.

"இருக்கட்டும் பாய். அதையே இன்னொரு தரம் போடுங்க" என்றேன்.

போட்டார். வசந்தா பாடவில்லை. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிப் பாடுவாள்? கரண்டியை வாங்கிக்கொண்டு நான் சமையற்கட்டுக்குள் போனேன். அடிப்பிடித்திருந்ததைச் சுரண்ட ஆரம்பித்த பிறகுதான் கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது. முதலில் மெதுவாக.

எங்கள் வீடு ரொம்ப அமைதியான வீடு என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். நான் அதைப் பாராட்டு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!