ரயிலில் விட்ட மூடி

என் மாமாவுக்குப் பெண் கொடுக்க இரண்டு ஊர்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள். மாமாவுக்குக் குடி இல்லை. கைகால் நன்றாக இருந்தது. டென்ட் சினிமாக் கொட்டாயில் வேலை, அதுதான் குறை. கொட்டாய் கொஞ்ச நாள் பொன்னேரியில் இருக்கும், அப்புறம் பிரித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடும். மாப்பிள்ளையும் கூடவே போய்விடுவான் என்று பயந்தார்கள்.

மூன்றாவது இடம் எளாவூர். பெண் பார்க்க நானும் போனேன். எனக்கு எட்டு வயது. அந்த அக்கா கலர் சோடா கொடுக்க வந்தாள். தலையைத் தூக்கவில்லை. அப்போதெல்லாம் பெண் தலையைத் தூக்கக் கூடாது. மாமாவும் கூச்சத்தில் தூக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கலர் பாட்டிலைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் பெண் பார்த்தது.

தரகர் மாமாவை ஆபரேட்டர் என்று சொல்லி வைத்திருந்தார். மாமா ஆபரேட்டருக்குக் கீழே இருந்தவர். ரீலைச் சுற்றுவார், அறுந்தால் ஒட்டுவார், தரை டிக்கெட்டுக்கு மணலும் கொட்டுவார். பெண்ணின் அப்பா விவரமான ஆள்.

"மணலு கொட்றவனும் சினிமால வேலன்னுதான் சொல்றான். படம் காட்டத் தெரியும்னா இங்க வந்து காட்டட்டும். அப்புறம் பேசலாம்" என்றார்.

மாமா சரி என்று சொல்லிவிட்டார். தெருவுக்கு வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாத்தடா காட்டுவ? கொட்டாயத் தூக்கினு வருவியா?"

கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒன்றை மாமா செய்தார். ஒரு பிஸ்கட் டின். உள்ளே லாரி முன்விளக்கு பல்பு. முன்பக்கம் ஒரு தகரக் குழாய். குழாய் நுனியில் ஒரு கண்ணாடி, கொட்டாயில் ஓரம் உடைந்ததென்று தூக்கிப் போட்டது. நடுவில் பிலிம் துண்டு செருக ஒரு சந்து. எத்தனையோ துண்டு வைத்திருந்தார், எளாவூருக்கென்று ஒன்றைத்தான் எடுத்தார். ஒற்றைக் குதிரை. பிடரி பறக்க நின்றிருந்தது.

பகலில் கொட்டாயில் சும்மா கிடக்கும் பேட்டரியை சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தார். திரையாகக் கட்டின அப்பாவின் வேட்டியில் குதிரை வந்தது. மோர் ஊற்றின மாதிரி வந்தது. எது குதிரை, எது வானம் என்று தெரியவில்லை.

"வெளிச்சம் பத்தல" என்றார் அப்பா.

"பத்தாம இல்ல மச்சான். டின்னு பளபளன்னு கீது. வெளிச்சம் உள்ளயே முட்டி மோதிக்கினு, போவாத எடத்துக்கெல்லாம் போவுது. உள்ள கருப்படிக்கணும்."

அப்பா பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர். கருப்பு என்றால் அவருக்குத் தார்தான். படகுக்குப் பூசின மிச்சம் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து டின்னுக்குள் நன்றாகப் பூசினார்கள். காய்ந்ததும் கண்ணாடி போல மின்னியது. குதிரை அப்படியேதான் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பல்பு சூட்டில் தார் இளகி பிலிம் மேல் சொட்டியது. குதிரைக்கு வால் போய்விட்டது. வீடெல்லாம் படகு நாற்றம்.

"படகும் டப்பாவும் ஒண்ணா?" என்று அம்மா டின்னைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மண்ணெண்ணெய் போட்டுத் தாரைத் துடைத்தாள். சோற்றுப் பானையின் அடிக்கரியைச் சுரண்டி, கஞ்சியில் குழைத்து உள்ளே அப்பினாள். "பான அடி என்னிக்காவது பளபளன்னு இருந்து பாத்துக்கிறீங்களா?" என்றாள்.

காய்ந்தபின் போட்டால், அம்மாடி! பிடரியில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

இன்னும் ஒன்று பாக்கி. சூடு போக மாமா டின்னின் மேல்பக்கம் ஆணியால் ஓட்டை போட்டிருந்தார். அதன் வழியாக வெளிச்சம் எகிறி அறையெல்லாம் அடித்தது. அதற்கு ஒரு மூடி செய்தார். பால் பவுடர் டின்னைப் பாதியாக வெட்டி, உள்ளே கரி பூசி, கொஞ்சம் தூக்கினாற்போல் ஓட்டைகள் மேல் கவிழ்த்தார். சூடு போனது, வெளிச்சம் போகவில்லை. மாமா அந்த மூடியைத்தான் நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எளாவூர் போகும் அன்று மூடி என் பொறுப்பு. "இது இல்லன்னா எல்லாம் பேஜாரு. பத்தரம்" என்று மாமா என் கையில் கொடுத்தார்.

பொன்னேரியில் ரயில் ஏறினோம். கொஞ்ச நேரம் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். கும்மிடிப்பூண்டியில் அம்மா வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். உரித்த தொல்லியைப் போட ஏதாவது வேண்டுமே, மூடியில் போட்டேன். இப்போது கம்பெனிகள் இருக்கும் இடமெல்லாம் அப்போது சவுக்குத் தோப்பு. அதைப் பார்த்துக்கொண்டே தின்றேன். எளாவூரில் இறங்கினேன். மூடி இறங்கவில்லை.

பெண் வீட்டு வாசலில்தான் ஞாபகம் வந்தது. அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ரயிலில் பேட்டரியைக் கொண்டுபோக முடியாது. பெண்ணின் அண்ணன் செக்போஸ்டில் வரிசையில் நின்ற ஒரு லாரியிலிருந்து கழற்றி வந்திருந்தார். டிரைவரும் கூடவே வந்துவிட்டார். "என் வண்டி முறை வர்றதுக்குள்ள காட்டு நைனா" என்று அவசரப்படுத்தினார். அண்ணன் என்னைப் பார்த்து, "முறைப்பொண்ணு நீ இருக்கசொல்ல உம் மாமனுக்கு எங்க ஊட்டுப் பொண்ணு எதுக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, மூடிக்காக.

ஜன்னலுக்கெல்லாம் சாக்கு போட்டார்கள். ஆண்கள் முன்னால். பெண்கள் பின்னால், டின் பக்கமாக. அந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூடி எங்கடி?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"இங்கதான் வெச்சேன்" என்றேன்.

தேட நேரமில்லை. டிரைவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பேட்டரியில் ஒயரை வைத்தார். வேட்டியில் குதிரை வந்தது. கூடவே ஓட்டைகள் வழியாக வெளிச்சம் எகிறி, குனிந்திருந்த மாமாவின் முகத்தில் அடித்தது. இருட்டில் இரண்டுதான் தெரிந்தது. வாலில்லாத வெளுத்த குதிரை, பளிச்சென்று மாமா முகம். வியர்வைத்துளி கூடத் தெரிந்தது.

"குதுர வெளுத்துக்கினு கீதே" என்றார் பெண்ணின் அப்பா.

மாமா உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது இடமும் என்னால் போகப்போகிறது. சுவரில் முறம் சாய்த்திருந்தது. அதை எடுத்து ஓட்டைகளை மறைக்க எழுந்தேன்.

அந்த அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு."

"வெளிச்சம் போவுதுக்கா."

"போனாப் போவட்டும். சுட்டுக்கப்போற. உக்காரு."

முறத்தை வாங்கித் தன் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டாள். படம் முடியும்வரை என் கையை விடவில்லை. என் மேல் அக்கறை என்று நினைத்தேன்.

லாரி முறை வந்துவிட்டது. டிரைவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெண்ணின் அப்பா, "படம் சுமார்தான். சொல்லி அனுப்புறோம்" என்றார்.

திரும்ப ரயில் ஏறினோம். மாமா டின்னை மடியில் வைத்துக்கொண்டு சவுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றத்தை யார் மேலாவது போட வேண்டும் போல எனக்கு இருந்தது.

"அந்தக்கா படமே பாக்கலம்மா" என்றேன். "வேட்டி அங்க இருக்குது, அது இந்தப் பக்கமே பாத்துக்கினு இருந்திச்சு. சினிமா எந்தப் பக்கம் தெரியும்னு கூடத் தெரியல அதுக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமாவின் காது சிவந்துபோனது. எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆள் வந்தது. பெண்ணுக்குச் சம்மதமாம். பெண்ணே சொல்லிவிட்டதாம். வாலில்லாத குதிரைக்கே சம்மதமா என்று எனக்கு ஆச்சரியம். மூடி தொலைந்தும் கல்யாணம் நிற்கவில்லையே என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் மாமா புதிதாக ஒரு மூடி செய்தார். முதல் மூடியை விட நன்றாகவே வந்தது. அத்தையாகிவிட்ட அந்த அக்கா அதை டின் மேல் வைக்க விடவில்லை. கொண்டுபோய்ப் புளிப்பானை மேல் கவிழ்த்து வைத்தாள். பானை வாய்க்கு அது பாதிகூட இல்லை. சின்ன மூடி என்று நான் சொன்னேன். இருக்கட்டும் என்றாள்.