கண்ணாடியைச் சுற்றிய ஐவி

நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலைக்குத் தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால் இரண்டு பீய்ச்சு கண்ணாடியைச் சுற்றிய கொடிக்குப் போகும். இலையின் முகத்துக்கு அல்ல, முதுகுக்கு. செம்பேன் அங்கேதான் குடித்தனம் நடத்தும் என்பார் முடிதிருத்துபவர். கண்ணில் படாத பூச்சி. விட்டால் சாற்றை உறிஞ்சி இலையைச் சருகாக்கிவிடும். "கொஞ்சம் இருங்க சார், உங்களுக்கு முன்னாடி வந்தது அவங்க" என்று நாற்காலிக்காரரைச் சமாதானப்படுத்துவார்.

இலையோரம் வெள்ளைக் கரை போட்ட ஐவிக் கொடி அது. ஜன்னலோரத் தொட்டியில் கிளம்பி, ஆணிக்கு ஆணி தாவி, பெரிய கண்ணாடியைச் சுற்றி வந்திருக்கிறது. சுடுவெயில் ஆகாது, ஈரம் தேங்கினாலும் ஆகாது. மேல்மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். நறுக்கிய நுனிகளை ஷேவிங் கிண்ணத்தில் போட்டு வேர் பிடிக்க வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். கேட்காதவர் கையிலும் திணிப்பார். அரசியல் பேசிச் சூடாகிறவர்களை ஐவிப் பக்கம் திருப்பிவிடுவதில் ஆள் பலே கெட்டிக்காரர்.

துணிக்கடையில் தையல் வேலைக்குப் போகும் அவர் மனைவி அந்தக் கொடிக்கு வைத்த பெயர் சக்களத்தி.

ஒருநாள் பாதி ஷேவிங்கில் அவருக்கு மார்பை அடைத்தது. நாற்காலியில் இருந்தவரே, முகத்து நுரையைக்கூடத் துடைக்காமல், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர் கேட்ட முதல் கேள்வி, தொட்டிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பது. மனைவி நர்ஸிடம் முறையிட்டாள்: "உசிரு பொழைச்சதும் பொண்டாட்டியைக் கேக்கலை, கொடியைக் கேக்குது இந்த மனுஷன்."

கடை மூடியே கிடந்தது. நடமாடத் தெம்பு வந்ததும், வெறுங்காம்புதான் மிஞ்சியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டே அவளோடு போனார். பாரம் தூக்கக் கூடாதாம். ஷட்டரை அவள்தான் ஏற்றினாள்.

கண்ணாடியில் பாதியை மறைத்துக் கொடி மண்டியிருந்தது. தினமும் வேலை விட்டு நேரே இங்கே வந்து, ஷட்டரைப் பாதி திறந்து வெளிச்சம் காட்டி, ஒவ்வோர் இலையையும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நடுவே ஒரு கிளை மட்டும் வெள்ளையே இல்லாமல் முழுப் பச்சையாகத் தடித்து ஓடியிருந்தது. அப்படி வருவதை உடனே வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கரை போட்டதை அமுக்கிவிடும் என்று அவர் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். அவள் முகம் சுருங்கிப்போனது.

"அதுதாங்க நல்லா வந்துச்சு. நீங்க எழுந்து வர்ற வரைக்கும் இதுல ஒரு இலைகூட விழக்கூடாதுன்னு..."

அவர் கொடியைத் தொடவில்லை. துண்டை உதறி, நாற்காலியின் தூசியைத் தட்டித் துடைத்தார். "உக்காரு" என்றார். அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்ததும் பின்னால் போய் நின்று, தையல் மெஷினில் குனிந்து குனிந்து இறுகிப்போன அவள் பிடரியில் இரண்டு பெருவிரல்களையும் வைத்து, மெல்ல அழுத்திவிடத் தொடங்கினார்.