அம்மா தைத்த ஏசிக் கவர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலேயே முதலில் ஏசி பூட்டிய வீடு எங்களுடையது. வேலை கிடைத்த முதல் வருடத்தில் நான் வாங்கியது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பாவும், வீட்டில் உடுப்புத் தைத்துக் கொடுத்த அம்மாவும் பள்ளிக்கூடத்துப் படி ஏறியதே எங்களைச் சேர்ப்பதற்குத்தான். அக்கா பாதியில் நின்றுவிட்டாள். வீட்டில் படித்து முடித்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஏசியோடு வந்த விளக்கப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும் பொறுப்பும் எனக்கே வந்தது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை பில்டரைக் கழுவ வேண்டும் என்று வாசித்தேன். அம்மா பூசை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில், குறுக்கே வெட்டுக் கோடு போட்ட ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"இதுக்கு மேல ஏன் மகள் பெரிசா வெட்டிப் போட்டிருக்கு?"

"அது சும்மா எச்சரிக்கை அம்மா. எல்லாச் சாமானோடயும் போடுவாங்க. நமக்குத் தேவையில்ல" என்று பக்கத்தைப் புரட்டினேன்.

எங்கள் வீட்டில் டீவிக்குக் கவர், பிரிட்ஜுக்குக் கவர், ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை. நத்தார்ப் பண்டிகைக்கு ஏசிக்கும் அம்மா ஒன்று தைத்தார். ரோசாப்பூத் துணி, ஓரத்தில் சுருக்கு வைத்த லேஸ். மேல்பக்கத்தில் தூசி விழாமல் மூடி, காற்று வரும் கீழ்ப்பக்கத்தை மட்டும் திறந்து விட்டிருந்தார். மிச்சத் துணியில் அக்காவின் மாமியாருக்கும் ஒன்று தைத்து வெள்ளவத்தைக்கு அனுப்பினார். மார்கழியில் யாருக்கு ஏசி வேண்டும்? பிறகும் கரண்ட் பில்லுக்குப் பயந்து இரண்டு வீட்டிலும் அதைப் போடவில்லை; பூவோடு அழகாக இருந்தது.

சித்திரை வெயிலில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு என்பது அம்மாவுக்கு அசைக்க முடியாத முறை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மாமியார் வேறு கதை சொன்னார்.

"சம்மந்தி, கொட்டாஞ்சேனையில சரியான புழுக்கம். பச்சைப் பிள்ளை தாங்காது. எங்கட வீட்டில ஏசி ரூம் இருக்கு."

"எங்கட வீட்டிலயும் இருக்கு" என்றார் அம்மா.

"இருந்தாச் சரி. நாளண்டைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவாங்களாம். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கைப்பையைக்கூட இறக்காமல் ஏசியைப் போட்டார். அரை மணித்தியாலம் போனது. அப்பா கோயில் கலண்டரைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"இதவிட வாசல்ல நிண்டா நல்ல காத்து வரும்."

ஸ்டூலில் ஏறி, லேஸை மேலே சுருட்டிவிட்டு, முன்மூடியைத் தூக்கிப் பில்டரை உருவினேன். வலையில் மூன்று ஓட்டைகள். திரும்பிப் பார்த்தேன்.

"கொலர் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சனான்" என்றார் அம்மா. "ஊத்தை போகுதில்லையே!"

குற்றவாளி அகப்பட்ட சந்தோசத்தில் மறுநாள் மத்தியானமே பில்டரையும் எடுத்துக்கொண்டு காலி வீதி ஏசிக் கடையொன்றுக்குப் போனேன். கடைக்காரர் ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினார்.

"மிஸ், இது பில்டரா, மீன் வலையா?"

"வீட்டில சுத்தம் கொஞ்சம் கூட. புதுசு போட்டாக் குளிரும்தானே?"

"ஓட்டை எண்டாத் தூசிதான் உள்ள போகும், மிஸ். குளிராததுக்கு வேற காரணம் இருக்கும். காத்த ஒழுங்கா இழுக்குதா எண்டு பாத்தீங்களா?"

"ஓம், ஓம்" என்றேன். புத்தகம் வாசித்தவளுக்கா சொல்கிறார்?

புதுப் பில்டர் 'டக்' என்று அழகாகப் பொருந்தியது. லேஸை நீவிவிட்டு ஏசியைப் போட்டேன். அறை அப்படியே வெந்துகொண்டிருந்தது. அம்மா மாதக்கணக்காகத் தைத்துச் சேர்த்த குட்டிச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

"நாளைக்கு இதுகள வெள்ளவத்தைக்கே குடுத்து விடுவம்."

பொழுதுபடும் நேரம். அப்பா வழக்கம்போல நுளம்பு கடிக்காமலிருக்கத் திரியைக் கொளுத்தி அலுமாரிக்கு மேல் வைத்தார். அதன் புகை நேரே எழுந்து, ஏசியின் தலைப்பக்கமாக வளைந்து போய், ரோசாப்பூவில் முட்டி, உள்ளே போக வழியில்லாமல் பரவியது. அப்போதுதான் கவனித்தேன். மேல்துணி ஒட்டிய கன்னம்போல உள்ளே குழிந்திருந்தது. காற்றை இழுக்கும் வாய் மேலே இருந்தது. அதை நாங்கள் பூத்துணியால் பொத்தி வைத்திருந்தோம். நான்கு மாதமாக அந்த லேஸைச் சுருட்டி, நீவி, சரிபார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

கவரை இழுத்தேன். புகை மேல்வாய்க்குள் சர்ரென்று போனது. பத்து நிமிடத்தில் அப்பா கலண்டரைக் கீழே வைத்தார். இருபது நிமிடத்தில் போர்வை கேட்டார்.

அம்மா எழுந்து போய் விளக்கப் புத்தகத்தை எடுத்துவந்தார். எந்தப் பக்கம் என்று தேடாமலே அந்தப் படத்தில் விரலை வைத்தார்.

"ஏசிக்கு மேல துணி. துணிக்கு மேல வெட்டு. நான் அண்டைக்கே கேட்டனான்."

"ஓம் அம்மா."

"படிச்ச பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு தச்சுப் போட்டன்."

போர்வைக்குள்ளிருந்து அப்பா சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மாமியார் முகம் வாடியிருந்தது. "ராத்திரி போட்டுப் பாத்தம், சம்மந்தி. எங்கட ஏசியும் குளிருதில்ல. கேஸ் முடிஞ்சிருக்கும் எண்டு மகன் சொல்றான்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"அப்ப பிள்ளை எங்கட வீட்டுக்கே வரட்டும். ரூம் ஐஸ் மாதிரி இருக்கு."

ஓட்டோவில் அக்காவின் மடியில் பிள்ளை தூங்கியது. நான் அம்மாவின் காதுக்குள், "பாவம் அம்மா, சொல்லலாமே" என்றேன்.

"சொல்லுவம். நாப்பது நாள் போகட்டும்."

நாற்பத்தோராம் நாள் அக்காவையும் பிள்ளையையும் வெள்ளவத்தையில் கொண்டுபோய் விட்டோம். நான் ஸ்டூல் கேட்டு ஏறி, ரோசாப்பூக் கவரைக் கழற்றி, பில்டரையும் கழுவிப் போட்டேன். குளிர் இறங்கியது. மாமியார் கவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"சம்மந்தி, இது உங்களுக்கு முந்தியே தெரியாதா?"

அம்மா பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தபடி சொன்னார்:

"எனக்கு வாசிக்கத் தெரியாதே, சம்மந்தி."