கம்ப்யூட்டர் போட்ட முழங்கால்

நாற்பத்தாறு வயதில் நான் டிஜிட்டல் ஓவியம் பழகியதற்குக் கலைத்தாகம் காரணமில்லை. பொறாமைதான் காரணம். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த கணக்கு டீச்சர் போனில் விரலால் ஒரு மயில் வரைந்து ஸ்டேட்டஸில் வைத்தாள். தலைமையாசிரியை முதல் வாட்ச்மேன் வரைக்கும் பாராட்டித் தள்ளினார்கள். இருபது வருடமாக அதே பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் என்னை ஒருவரும் அப்படிப் பாராட்டியதில்லை. மயிலுக்கு மூன்று கால் இருக்கிறதே என்று நான் சொன்னது யாருக்கும் பிடிக்கவில்லை. அடுத்த மாதம் பேனாவோடு ஒரு டேப்லெட் வாங்கிவிட்டேன்.

முதல் சோதனைக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து சீலா மீன் ஒன்றை வரைய ஆரம்பித்தேன். உப்புக்காற்றின் ஈரம் திரையில் படிந்ததும், நான் பேனா வைக்காத இடத்திலெல்லாம் அது தன் இஷ்டத்துக்குக் கோடு இழுத்தது. பக்கத்தில் நின்ற மீன்காரம்மா எட்டிப் பார்த்தார். "முள்ள ஏன் டீச்சர் வெளிய போட்டிருக்கீய?" என்றார். டேப்லெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் சோதனை தொடர்ந்தது. அதற்குள் இருந்த தூரிகைகளை எண்ணி முடிக்கவே முடியவில்லை. கரி மாதிரி ஒன்று, நீர்வண்ணம் மாதிரி ஒன்று, பழைய சுவர் மாதிரி ஒன்று. ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்ததில் ஒரு மாதம் போனது, ஒரு படமும் ஆகவில்லை. இரண்டு விரலால் திரையைத் தட்டினால் கடைசியாகச் செய்த தவறு அழிந்துபோகும் என்பது மட்டும் கைக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஒருநாள் வகுப்பில் கரும்பலகையைத் தட்டிவிட்டு அழியக் காத்திருந்தேன். இதை வீட்டில் வந்து சொன்னது என் தப்பு. பெயின்ட் கடை வைத்திருக்கும் என் கணவர் சாப்பாட்டில் கை வைத்தபடியே, "ஏளா, கொழம்புல உப்பு கூடிட்டு. ரெண்டு வெரலால தட்டிப் பாரேன்" என்றார்.

இந்த நேரத்தில்தான் சுவர் வந்தது. கடற்கரைச் சாலையில் ஒரு நீண்ட மதில். அதில் ஊரின் பெருமையைச் சொல்லும் ஓவியம் வேண்டும் என்று ஊரை அழகுபடுத்தும் குழு ஒன்று வடிவங்கள் கேட்டது. சார்ட் பேப்பரை விடப் பெரிதாக நான் எதையும் வரைந்தது கிடையாது. அந்தச் சுவர் எனக்கு வேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி ஆசைப்பட்டேன்.

எங்கள் தூத்துக்குடியில் முத்து எடுப்பது நின்று எத்தனையோ வருடமாகிறது. இப்போது கடைப் பெயர்ப் பலகைகளில்தான் முத்து விளைகிறது. ஆனால் சங்கு எடுக்க இன்றைக்கும் இறங்குகிறார்கள், வாயில் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு. அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா. அவர் வீட்டு வாசலில் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஆறு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எனக்காக உட்கார்ந்தார். வலது முழங்காலில் பெரிய தழும்பு. கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டை அவர்கள் 'பார்' என்பார்கள். அதில் மோதிக் கிழிந்ததாம்.

"மூஞ்சிய எப்படியும் போடுங்க டீச்சர். முழங்கால விட்டுராதீய. அது ஒண்ணுதான் கடல்ல கெடச்சது, விக்காம வச்சிருக்கேன்" என்றார்.

காகிதத்தில் வண்ணம் தீட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழுவின் அதிகாரி அரை நிமிடம் பார்த்தார்.

"கையில போட்டதா? இப்ப எல்லாமே ஏஐதான டீச்சர். ஆளு வேற வயசாளியா இருக்காரு. முட்டியில என்ன அது, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. கொஞ்சம் மாடர்னா கொண்டுவாங்க."

சரி, மாடர்ன் ஆவோம் என்று ஏஐயிடம் கேட்டேன். தூத்துக்குடியில் கடலுக்குள் இறங்கும் ஒருவர் வேண்டும் என்று எழுதினேன். வயிற்றில் ஆறு கட்டு வைத்த வாலிபன் ஒருவன், தேங்காய் அளவு முத்தைக் கையில் ஏந்தி வந்தான். பின்னால் பனிமலை தெரிந்தது. வயதானவர் வேண்டும் என்றேன். கடலுக்கு அடியில் தாடியோடு ஒரு முனிவர் தவம் இருந்தார். முழங்காலில் தழும்பு கேட்டேன், பச்சை குத்திக் கொடுத்தது. தழும்பு, தழும்பு என்று மறுபடி எழுதினேன். ஜிப் வைத்துக் கொடுத்தது. ஒரு கையில் ஆறு விரல். சங்கு பொறுக்க உதவும் என்று நினைத்ததோ என்னவோ.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. என் படத்தையே டேப்லெட்டில் முதலிலிருந்து கையால் வரைந்தேன். அதே ஆள், அதே வயது, அதே முழங்கால். பதினோரு நாள் பிடித்தது. அவரைச் சுற்றிக் கொஞ்சம் நீல வெளிச்சம் மட்டும் சேர்த்தேன். ஏஐ செய்த படம் என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாளே போன் வந்தது. நேரில் போனால் அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். "கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்தான் டீச்சர். இந்த முட்டியப் பாருங்க. இவ்வளவு நுணுக்கமா ஒரு மனுசனால போட முடியுமா?"

முடியாது சார் என்றேன். வேறு என்ன சொல்வது? சுவர் எனக்கு வேண்டுமே. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று யாராவது கேட்டால் நான் வகுப்பெடுக்கலாம்.

மதிலில் கட்டம் போட்டு, இரண்டு பெயின்டர்களோடு வெயிலில் மூன்று வாரம் நின்று தீட்டினேன். முழங்காலுக்கு மட்டும் யாரையும் கை வைக்க விடவில்லை. திறப்பு நாளன்று காலையில்தான் பலகை மாட்டினார்கள். 'ஓவியம்: செயற்கை நுண்ணறிவு. வண்ணப்பூச்சு மேற்பார்வை: ஓவிய ஆசிரியை.' படித்துச் சிரித்துக்கொண்டேன். நான் சொன்ன பொய்தானே, எழுத்தில் வந்திருக்கிறது.

சாயங்காலம் சங்கு எடுப்பவர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, முழங்கால் தெரியச் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கூடவே அவர் தெரு ஆட்கள் நாலைந்து பேர். டீச்சர் என்னைச் சுவரில் வரைகிறார் என்று மாதக்கணக்காகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்திருக்கிறார். ஒருவன் பலகையைச் சத்தமாகப் படித்தான்.

"ஏலே, இது கம்ப்யூட்டர் போட்ட ஆளுலா. இதுக்குப் போயி நீ சொந்தம் கொண்டாடுத?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். இந்த மனிதருக்கு என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரே அதிகாரியிடம் போனேன்.

"சார், இத நான்தான் வரஞ்சேன். இவரப் பாத்துதான் வரஞ்சேன். ஏஐன்னு சொன்னது பொய்."

அதிகாரி சிரித்தார். "அப்படிச் சொல்லலாமா டீச்சர்? கம்ப்யூட்டர் செஞ்சத நம்ம பேருல போட்டுக்கிட்டா அது திருட்டுலா?"

"மொதல்ல காகிதத்துல கொடுத்தேனே, அதே முட்டிதான சார்?"

"அதப் பாத்துத்தான கம்ப்யூட்டர் கத்துக்கிட்டிருக்கும்."

பிறகு அதிகாரி அவருடைய காலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏஐ எப்படிக் கச்சிதமாக இந்த ஊர் ஆளையே பிடித்திருக்கிறது என்று வியந்து, அவரைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். கூட வந்தவர்களும் தங்கள் போனில் எடுத்துக்கொண்டார்கள். அவரும் சொன்னபடி நின்று கொடுத்தார்.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் போட்டதுதான்னு ஒங்களுக்குத் தெரியும்லா?" என்றேன்.

"தெரியும் டீச்சர். எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? தெருவுக்குலா தெரியணும்."

மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கால்வரை இறக்கிவிட்டார். "வாரேன் டீச்சர்" என்று சொல்லி, தெருக்காரர்கள் போன பக்கம் போகாமல் கடற்கரையைச் சுற்றி நடந்தார்.