கோணல் கொலர்

மகளின் பொருளியல் புத்தகத்தில் ஒரு கேள்வி: இரண்டு பொருளையும் திறமாகச் செய்யும் நாடு, ஒன்றை மட்டும் ஏன் மற்ற நாட்டிடம் வாங்குகிறது? நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காரநெடி என்னை நான் வளர்ந்த புத்தூருக்கு இழுத்துப் போய்விட்டது.

போரின் நடுவே பொருளாதாரத் தடைக்காலம். மண்ணெண்ணெய் இல்லாமல் நீர்ப்பம்பு ஓடாததால் அம்மா வெங்காயத் தோட்டத்துக்குக் கையால்தான் தண்ணீர் இறைத்தார். தையலிலும் கெட்டிக்காரி. ஆனாலும் தன் தையல் மெசினைப் பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்கா எங்களுக்குத் தைப்பார். பதிலுக்கு அவர் வீட்டுக்கு வெங்காயம் போகும்.

அக்கா தைத்த என் பள்ளிச் சட்டையின் கொலர் கோணிவிட்டது.

“நீங்கள் தைச்சால் வடிவா இருக்குமே! ஏன் அவவிட்டைக் குடுத்தனீங்கள்?” என்று அழுதேன்.

“ஓம், தையலும் தோட்டமும் அவவை விட எனக்கு நல்லா வரும். ஆனால் நான் மெசினிலை இருந்தால் வெங்காயம் காஞ்சுபோகும். அவ தையலிலை கொஞ்சந்தான் பிந்துவா. தோட்டத்துக்கு விட்டால் ஒரு பாத்தியும் நனையாது.”

“கொலரையாவது பிரிச்சுத் தையுங்கோவன்.”

“மாட்டன். உந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு போ.”

கோணல் தெரியாமலிருக்கக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே போனேன். அந்தத் தடைக்காலம் முழுக்க இரண்டு வீட்டிலும் சட்டையும் இருந்தது, கறிக்கு வெங்காயமும் இருந்தது.

மகள் கேள்வியை மறுபடி வாசித்தாள்.

“முதலில் பென்சிலால் ஒரு கோணல் கொலர் படம் கீறு” என்றேன்.