மணி இல்லாமல் ஓடிய வண்டி

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு அப்பாவைத் தீயணைப்பு வண்டியின் ஓட்டுநராகத்தான் தெரியும். மூத்த மகளாகிய எனக்குத் தெரிந்ததை எழுதச் சொன்னார் அம்மா.

அப்பா பெருங்களத்தூரில் ரயில்வே கேட்காரரின் மகனாகப் பிறந்தார். மேலே படிக்க வசதியில்லை. லாரி கழுவி, லாரி ஓட்டக் கற்று, யுத்த காலத்தில் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். பித்தளை மணியும் மர ஏணியும் வைத்த பழைய சிவப்பு வண்டி ஒன்றை அவரிடம் ஒப்படைத்தார்கள். தாம்பரத்திலிருந்து அனகாபுத்தூர் வரை எங்கே கூரை பற்றினாலும் அந்த வண்டிதான் ஓடியது. வீட்டிலும் அப்பாவுக்கு அதே நினைப்புதான். அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி மணல் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற நாங்கள் கெஞ்சிக் கூத்தாட வேண்டும். "உங்கப்பா கல்யாணம் பண்ணிகிட்டது என்னையா, அந்த வண்டியையா?" என்று அம்மா சலித்துக்கொள்வார்.

அறுபதுகளின் கடைசியில் புது வண்டி வந்தது. பழையதை உடைத்து இரும்புக்குப் போடத் தீர்மானித்தார்கள். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மேலதிகாரியிடம் போய் நின்றார். பொதுமக்கள் செலவில் பழுது பார்த்தால் நிலைய வாசலில் நிறுத்திக்கொள்ளலாம், விழா நாட்களில் ஓட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. யாரிடமும் கைநீட்டிப் பழக்கமில்லாத அப்பா வீடு வீடாக ஏறி இறங்கினார். சேர்ந்த பணம் டயருக்குக்கூடத் தேறவில்லை.

அந்த வருடம் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த விளைபொருட்களை விடும் ஏலத்தில் வண்டிக்காக ஒரு பொருளை வைக்கப் போதகர் ஐயா இடம் கொடுத்தார். அப்பா அதிகாரியிடம் சொல்லிவிட்டு வண்டியின் மணியைக் கழற்றி வந்து மேசைமேல் வைத்தார். எங்கள் ஏலத்தின் வழக்கம் சபையாருக்குத் தெரியும். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் திரும்ப மேசையிலேயே வைப்பார், அது மறுபடி ஏலம் போகும். ஒரே பூசணிக்காய் ஐந்தாறு பேரிடம் போய் வந்துவிடும். மணியும் அப்படியே கடைசியில் தன்னிடம் வந்து சேரும் என்றுதான் அப்பா நம்பியிருந்தார்.

மார்க்கெட் பக்கம் விறகுத்தொட்டி வைத்து விறகு விற்றுவந்தவரையும் அப்பா அழைத்திருந்தார். தீப்பற்றிய அவருடைய தொட்டியை ஒருமுறை அந்த வண்டிதான் காப்பாற்றியது. அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. எல்லாரையும் தாண்டிக் கேட்டு, மணியை எடுத்துத் தோள்துண்டில் சுற்றிக்கொண்டார்.

"இன்னா சார், இப்படிப் பாக்கிறீங்க? என் தொட்டியக் காப்பாத்துன மணி. இனிமே என் வூட்டு சாமி ரூம்லதான் தொங்கும்" என்று அப்பாவைக் கும்பிட்டுவிட்டு நடந்தார். போதகர் ஐயா வாய் திறக்கப்போனார். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார்.

அவர் கொடுத்த தொகையிலேயே வண்டி எழுந்துவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் வரை அப்பா அதை ஓட்டிப்போன அன்று, மணி இருந்த இடத்தில் வெறும் கொக்கிதான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு வார்த்தை சொன்னா கொண்டாந்து குடுத்துடுவாருப்பா" என்றேன்.

"ஆசையா எடுத்துகினு போனாரும்மா. நம்ம வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? இப்பப் போய்ச் சொன்னா மனுசன் கூசிப்போயிடுவாரு. விடு" என்றார். அந்தப் பிடிவாதத்தை நான் பல வருடம் மன்னிக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் அப்பா தினமும் விடிந்ததும் நடக்கப் போவார். நெஞ்சுவலி வந்து டாக்டர் தடுத்த பிறகும் கேட்கவில்லை. ஒருநாள் கோபத்தோடு பின்னாலேயே போனேன். இரண்டு தெரு தள்ளி, விறகுத்தொட்டிக்காரர் வீட்டுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சரியாக ஆறு மணிக்கு உள்ளே பூஜை மணி அடித்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம், எனக்கா தெரியாது?

"இதுக்காகவாப்பா வரீங்க?"

"வண்டியில இருந்தப்போ, எங்கயாவது பத்திகினாத்தாம்மா இது அடிக்கும். இங்க தெனமும் அடிக்குது பாரு. எங்கயும் நெருப்பு இல்ல" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் கோபம் அன்றோடு போயிற்று.

அப்பாவின் பெட்டி கல்லறைக்குப் போனது அந்த வண்டியில்தான். கூட வந்த விறகுத்தொட்டிக்காரர் கொக்கியைப் பார்த்துவிட்டு, ஏன் வேறு மணி மாட்டவில்லை என்று போதகர் ஐயாவைக் கேட்டிருக்கிறார். எங்கள் ஏல வழக்கம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததாம். மூன்றாம் நாள் மணியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தெரியாம எடுத்துகினு போய்ட்டேனேம்மா. இத்தினி வருசமா சார் ஒரு வார்த்தை சொல்லலையே" என்று குலுங்கினார். டீக்கடையில் அப்பா சொன்னதை அவரிடம் சொன்னேன். மணியை அவர் கையிலேயே திரும்ப வைத்த அம்மா, "நாளைக்கும் அடிங்கய்யா" என்றார்.

கடைசி நாட்களில் உடனிருந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த தீயணைப்புத் தோழர்களுக்கும், ஜெபித்துத் தேற்றிய சபையாருக்கும், அடுப்பு மூட்டாத எங்களுக்குச் சமைத்து அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விறகுத்தொட்டி ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் காலையிலும் அவர் வீட்டு மணி அடித்தது. எப்போதும் சாத்தியிருக்கும் சன்னலைத் திறந்துவைத்து, மெல்லியதாக வந்த அந்தச் சத்தத்தை அம்மா கேட்டார். எங்கும் நெருப்பு இல்லை.