ஏழுமலை அண்ணன் பார்த்து வாங்கிய கூலர்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போக ஷேர் ஆட்டோ தேடிக்கொண்டிருந்தபோது பாபுவிடமிருந்து போன் வந்தது. நானும் ஏழுமலை அண்ணனும் பேனர் வடிவமைக்கிற கடையில் அச்சு மிஷின் ஓட்டுகிறவன் அவன். "அக்கா, அண்ணன் பூட்டாருக்கா" என்றான். என் கையில் அவருக்காகக் கொண்டுவந்த கஞ்சித் தூக்கு இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அதுதான் இருக்கிறது. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அவர் கையால் பேனர் வடிவமைத்து வாங்கியவர்கள் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

முந்தின நாள் மத்தியானமே ஏழுமலை அண்ணனுக்குத் தலை சுற்றியது. இரண்டு முறை வாந்தி எடுத்தார். முதலாளி படியேறி வந்து பார்த்தார். "இந்த ஒரு கல்யாண பேனர மட்டும் முடிச்சிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ ஏழுமலை, பொண்ணு வூட்டுக்காரங்க கீழ நின்னுக்கினு இருக்காங்க" என்றார். அண்ணன் முடித்துக் கொடுத்தார். நாற்காலியை விட்டு எழுந்தார், விழுந்தார். உடம்பில் சூடு மிதமிஞ்சி ஏறிவிட்டது, தாமதமாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது சித்திரை மாதம். எங்கள் அறை மாடியில், தகர ஷீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒரே ஜன்னல். அதையும் பேனர் சுருள்களை அடுக்கி அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இந்த அறையைப் பற்றி அண்ணன் வாய் திறக்காமல் இருந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். போன கோடையிலேயே சண்டை போட்டார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் கம்ப்யூட்டருக்குப் போடும் கூலர். அப்போது எங்கள் கம்ப்யூட்டர் மத்தியானமானால் தானாக அணைந்துவிடும். பேனர் கோப்புகள் பெரியவை, அவற்றைத் திறந்து வேலை செய்தாலே கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசர் கொதித்துவிடும். பாதி வேலையில் திரை கருத்துப்போகும். வாடிக்கையாளர் கீழே கத்துவார், முதலாளி மேலே வந்து எங்களிடம் கத்துவார்.

ஒருநாள் முதலாளி போனில் ஒரு படம் காட்டினார். தண்ணீரில் பிராசசரைக் குளிர வைக்கிற கூலர். மூன்று விசிறி, கலர் கலராக விளக்கு. "இது போட்டா ஐஸ் மாதிரி ஆயிடுமாம். கடைக்கு வர்றவங்களுக்கும் ஒரு கெத்தா இருக்கும்" என்றார். அண்ணன் படத்தை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. "இன்னா மொதலாளி, கண்ணாலத்துக்கா சீரியல் செட் வாங்கறீங்க?" என்று கேட்டார். பாபு சிரித்துவிட்டு மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அப்புறம் அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "எந்தக் கூலரா இருந்தாலும் சரி, ரூமு சூட்டுக்குக் கீழ எறக்காது. பிராசசர் சூட்ட எடுத்து ரூமு காத்துல கொட்டும், அவ்ளோதான் அதோட வேல. ரூமே அடுப்பா இருந்தா எங்க கொட்டும்?" தண்ணீர்க் கூலருக்கு ஒரு பம்பு உண்டு, அது நின்றுபோனால் ஊரில் சரிசெய்ய ஆளில்லை, சென்னைக்கு அனுப்பிவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும் என்றார். எங்களுடையது நடுத்தரப் பிராசசர். உயரமான அலுமினியத் தகடுகளும் ஒரே ஒரு விசிறியும் உள்ள சாதாரணக் கூலரே போதும், விலையும் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சப் பணத்தில் ஷீட்டுக்கு அடியில் சீலிங் அடித்து, சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துவிடலாம் என்றார்.

"மிஷினுக்குத்தான் கேக்கறேன் மொதலாளி. நாங்க எப்படியோ இருந்துக்குவோம்" என்று கடைசியில் சேர்த்தார்.

எனக்குச் சுருக்கென்றது. முதலாளி இறங்கிப் போனதும், "ஏண்ணா அப்படிச் சொன்ன? நமக்கு வேகலியா?" என்றேன். "ஆளுக்கு வேகுதுன்னா வேற ஆளப் பாப்பாரு சாந்தி. மிஷினுக்கு வேகுதுன்னாதான் பையில கை வுடுவாரு. ரூமு குளுந்தா அது மிஷினுக்கா ஆளுக்கான்னு காத்துக்குத் தெரியுமா?" என்றார். கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. நானும் நம்பினேன்.

முதலாளி கூலருக்கு மட்டும் முதலில் பணம் கொடுத்தார். மற்றதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அண்ணன் கடைகடையாக விசாரித்து ஒன்றைப் பார்த்து வாங்கினார். அதைப் பொருத்திய அன்று பாபு ஆர்வமாகப் பசையைப் பிதுக்கினான். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவுகிற பசை அது. பட்டாணி அளவு போதும். அவன் அரை டியூபைக் காலி செய்தான். "இன்னாடா, இட்லிக்குச் சட்னி ஊத்தறியா?" என்று அண்ணன் அதைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் தூசியை ஊதினார். உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் முட்டிக்கொள்ளாமல் விசிறிகளைத் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை.

அதுதான் வினையாகிப்போனது. அடுத்த வாரம் அண்ணன் சீலிங் பற்றிக் கேட்டார். முதலாளி கம்ப்யூட்டரைக் கையால் காட்டினார். "அதான் ஓடுதே ஏழுமலை. அப்புறம் இன்னாத்துக்கு சீலிங்கு?" மிஷின் பேரைச் சொல்லிக் கேட்டவர், மிஷின் நன்றாக இருக்கும்போது எதைச் சொல்லிக் கேட்பார்?

அன்று நான் அவரிடம்தான் எரிந்து விழுந்தேன். மட்டமான ஒன்றை வாங்கியிருந்தால் இன்னும் அணைந்துகொண்டே இருந்திருக்கும், முதலாளி வேறு வழியில்லாமல் சீலிங் அடித்திருப்பார், உனக்கு ஏன் இந்த நல்ல பேர் என்று கேட்டேன். "கம்மி காசுல நல்லது இருக்கறப்ப, தெரிஞ்சே மட்டத்த வாங்க கை வரல சாந்தி" என்றார். அவர் ஒன்றும் சாதுவான ஆள் இல்லை. நான் போடும் நிறங்களைப் பார்த்து, கண்ணைக் குத்துகிறது என்று முகத்துக்கு நேரே சொல்வார். எங்களுக்கென்று இருந்த ஒரே டேபிள் ஃபேனைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொள்வார், கேட்டால் காது கேளாத மாதிரி இருப்பார். ஆனால் வேலையில் ஏமாற்றத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் அவர் மீது எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஏமாற்றியிருக்கலாம் அண்ணா.

அவருடைய ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி. அடக்கத்துக்குப் போயிருந்தோம். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மேலே ஏற ஏறக் காற்று சிலுசிலுத்தது. சித்திரை வெயிலிலும் அங்கே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க அவ்ளோ வேக்காடாம்மா? வூட்டுக்கு வந்தா ஒரு நாளும் சொன்னதில்லியே" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "மிஷின பெத்த புள்ள மாதிரி பாத்துக்கினாரு தங்கச்சி. அவரு போட்ட கூலரு இன்னிக்கும் ஜம்முனு ஓடுது" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. சாவு வீட்டில் சண்டை போடக் கூடாது என்று நமக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள். அது யாருக்குச் சௌகரியம் என்று அன்று தெரிந்தது.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கண்ணீர் அஞ்சலி பேனர், பெரிய சைஸ், தன் செலவு என்றார். அந்த மாதிரி பேனருக்கு எங்களிடம் தயார் வடிவம் உண்டு. படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் தானாக நிற்கும். பெயருக்குக் கீழே 'இயற்கை எய்தினார்' என்று நின்றது. எத்தனையோ பேருக்கு யோசிக்காமல் அச்சடித்துக் கொடுத்த சொல். அதை அழித்தேன். 'வேலை செய்த அறையின் வெக்கையில் இறந்தார்' என்று அடித்தேன்.

முதலாளி திரையைப் பார்த்தார். "இன்னா சாந்தி இது? யாராவது இப்படிப் போடுவாங்களா?"

"நடந்தது அதானே மொதலாளி."

"பழைய மாதிரியே போடு."

"நான் போட மாட்டேங்க. வேணும்னா நீங்களே உக்காந்து அடிங்க."

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஒரு வரி அடிப்பதற்குள் எழுந்துவிட்டார். பேனரை வேறு கடையில் அடித்துப் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டியிருக்கிறார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் இயற்கை என்றுதான் இருக்கிறது. நம்பாதீர்கள்.

இப்போது ஷீட் காயத் தொடங்கியதும் நானும் பாபுவும் கீழே இறங்கி, தெருப் பக்கத்து மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறோம். வெயில் தாழ்ந்த பிறகுதான் மேலே போகிறோம். முதலாளி வேறு ஆள் தேடுகிறார் என்று காதில் விழுகிறது. தேடட்டும். வருகிற ஆளுக்கும் அந்த அறைதானே. நேற்று படியருகே வந்து நின்று, "மிஷினுக்கு எதுனா கோளாறா?" என்று கேட்டார்.

ஏழுமலை அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, அவர் கேட்டும் கிடைக்காத அந்தச் சீலிங்கைக் கேட்பதைத்தான். அதை விடப்போவதில்லை. கேட்கிற விதத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

"மிஷின் நல்லாத்தான் இருக்குது மொதலாளி" என்றேன். "எனக்குத்தான் வேகுது."